கறுத்த படம், நீலப் படம்: கதிரை அளந்த கதை

புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை எடுப்பதை எங்கட ஊரில் 'கறண்ட் பிடிக்கிறது' எண்டுதான் சொல்லுவினம். "அவவுக்கு இருபத்தஞ்சு கறண்ட் பிடிக்கவேணுமாம்", "அவருக்குக் கறண்ட் முடிஞ்சுது, இனி கிளினிக் மட்டும்தான்" என்று கதை போகும். உடம்புக்குள் போவது மின்சாரம் இல்லை. என்றாலும் அந்தச் சொல் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்து வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று உள்ளே போகிறது, எவ்வளவு போகிறது என்பது படுத்திருக்கிற ஆளுக்குத் தெரியாது.

சொந்தத்தில் பெரியம்மா ஒருவர் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள் கேட்டார்: "பிள்ளை, உவை அளந்துதானே விடுவினம்? கூடினாலும் குறைஞ்சாலும் ஆருக்குத் தெரியும்?" நல்ல கேள்வி. கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற எனக்கு அந்தக் கேள்வியின் இரண்டாம் பாதிதான் மனதில் நின்றது. ஆருக்குத் தெரியும்? அதாவது, நடந்ததுக்குச் சாட்சி யார்? தேடிப் போனால், அந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கு மேலான ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகிற பாத்திரம் ஒரு துண்டுப் படம். முதலில் கறுத்துப் போகிற படம், பிறகு நீலமாகிற படம். இன்று எம்.ஆர்.ஐ இயந்திரத்துக்குள்ளேயே கதிர் பாய்ச்சுகிற அதிநவீன சிகிச்சையிலும் கடைசியில் அந்தத் துண்டுப் படத்தைக் கூப்பிட்டுத்தான் கேட்கிறார்கள்.

தராசில் நிறுக்க ஏலாத மருந்து

1847இல் யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்தார், ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டு வந்தார் என்பது எங்களில் பலருக்குத் தெரியும். அவருடைய காலத்து மருந்துகளைத் தராசில் நிறுக்கலாம், கரண்டியில் ஊற்றலாம், போத்தலில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கலாம். கொடுத்தவரும் பார்ப்பார், குடித்தவரும் பார்ப்பார்.

கதிர்ச்சிகிச்சையில் அப்படி ஒன்றும் இல்லை. கதிரின் அளவை இன்று 'கிறே' என்ற அலகில் சொல்கிறார்கள். ஒரு கிலோ உடற்திசுவுக்குள் ஒரு யூல் சக்தி உறிஞ்சப்பட்டால் அது ஒரு கிறே. வழமையான சிகிச்சை ஒன்றில் ஒரு நாளைக்கு 2 கிறே என்று 30 நாட்களில் மொத்தம் 60 கிறே வரை ஓரிடத்துக்குக் கொடுப்பார்கள். 2 கிறே உடம்பை எவ்வளவு சூடாக்கும் என்று கணக்குப் பார்த்தால், ஒரு பாகை செல்சியசில் 2000இல் ஒரு பங்கு. ஒரு மிடறு தேத்தண்ணி அதைவிட எத்தனையோ மடங்கு சூடு தரும். ஆனால் அதே கதிர் கலத்தின் மரபுப் பொருளை வெட்டுகிறது. புற்றுக் கலம் சாகிறதும் அதனால்தான், அளவு கூடினால் நல்ல கலம் சாகிறதும் அதனால்தான். குறைந்தால் நோய் திரும்பி வரும், கூடினால் காயம் வரும். இரண்டுமே அந்த நிமிடத்தில் தெரியாது. கிழமைகள், சில நேரம் வருடங்கள் கழித்துத்தான் உடம்பு சொல்லும்.

உடம்பு சொல்லும்வரை காத்திருக்க ஏலாது. உடம்புக்கு முன்னாலேயே சொல்லக்கூடிய வேறொரு பொருள் வேண்டும்.

பாரிஸ் வில்லையும் வியன்னாக் கடதாசியும்

1895 நவம்பரில் ஜெர்மனியின் வூட்ஸ்பேர்க்கில் றொன்ற்ஜன் எக்ஸ்றே கதிரைக் கண்டுபிடித்தார். அந்த டிசம்பரிலேயே மனைவியின் கையைப் படம் எடுத்தார். எலும்பும் மோதிரமும் தெரிகிற அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. அடுத்த வருடம் பாரிசில் பெக்கரல், யுரேனிய உப்பையும் ஒளிப்படத் தகட்டையும் ஒன்றாக லாச்சிக்குள் வைத்திருந்தார். வானம் மூடியிருந்ததால் வெயிலில் வைக்க முடியவில்லை. தகட்டைக் கழுவிப் பார்த்தபோது அது கறுத்திருந்தது. கதிர்த்தொழிற்பாடு என்ற விஷயமே இப்படித்தான் மனிதருக்குத் தெரிய வந்தது. படம்தான் முதலில் பார்த்தது, மனிதர் அதுக்குப் பிறகு.

எக்ஸ்றேயைச் சிகிச்சைக்குப் பாவிக்கத் தொடங்க அதிக காலம் எடுக்கவில்லை. அளவு பார்க்க அப்போது ஒரு வழிதான்: தோல் சிவக்கும்வரை கொடுப்பது. அதாவது நோயாளியின் தோலே அளவுகருவி. பல டொக்டர்மார் தங்கட கையைக் கதிருக்கு முன்னால் பிடித்து இயந்திரத்தைச் சோதித்தார்கள். விரல்களை இழந்தவர்கள் அதிகம், உயிரை இழந்தவர்களும் உண்டு. இப்படி இறந்தவர்களை நினைவுகூர 1936இல் ஹம்பர்க் நகரில் ஒரு தூண் எழுப்பினார்கள்.

இந்த நிலைமையில்தான் 1902இல் வியன்னாவில் குவிடோ ஹொல்ஸ்னெக்ட் கதிர் பட்டால் நிறம் மாறுகிற உப்புகளைக் கொண்டு ஒரு அளவுகருவி செய்தார். 1904இல் பாரிசில் சபுரோ, நுவாரே என்ற இருவர் அதை எளிமையாக்கினார்கள். பிள்ளைகளின் தலையில் வருகிற படர்தாமரைக்கு அந்தக் காலத்தில் எக்ஸ்றே கொடுத்து முடியை உதிர்ப்பார்கள். சரியான அளவு கொடுத்தால் முடி உதிர்ந்து திரும்ப முளைக்கும். கூடினால் அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க முடி வராது. இவர்கள் சின்ன வில்லை ஒன்றைக் குழாய்க்கும் தலைக்கும் நடுவில் வைத்தார்கள். பச்சையாக இருக்கும் வில்லை கதிர் பட்டதும் கபில நிறத்துக்கு மாறும். ஒரு குறித்த நிறத்துக்கு வந்ததும் நிற்பாட்ட வேண்டும். 1905இல் வியன்னாவின் கின்பொக், வெள்ளி உப்புப் பூசிய கடதாசிக் கீலத்தைத் தோலில் வைத்து, பிறகு கழுவி, அதன் கறுப்பை ஒரு அளவுச் சட்டத்தோடு ஒப்பிட்டார். படத்தால் கதிரை அளக்கும் வித்தை அங்கே தொடங்குகிறது.

ஹொல்ஸ்னெக்ட் 1931இல் இறந்தார். கதிரால் வந்த காயங்களுக்காக அவருடைய கையில் பல சத்திரசிகிச்சைகள் நடந்திருந்தன. அளவுகருவி செய்த ஆளின் உடம்பிலேயே அந்த அளவு எழுதப்பட்டிருந்தது.

1928இல் ஸ்ரொக்ஹோமில் நடந்த மாநாட்டில் கதிருக்கு ஒரு சர்வதேச அலகு ஒத்துக்கொள்ளப்பட்டது. அயனாக்கல் அறை என்ற கருவி முதன்மை அளவுகோலானது. கதிர் படும்போது உள்ளேயிருக்கிற வாயுவில் பிறக்கிற ஏற்றத்தை அது எண்ணும். மிகத் திருத்தமானது. ஆனால் அது ஒரு புள்ளியில் எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். எந்த இடத்தில் எவ்வளவு, விளிம்பு எங்கே முடிகிறது என்று முழுப் பரப்பையும் வரைந்து காட்ட வேண்டுமென்றால் படம்தான் வேண்டும்.

ஆரும் கேளாமல் சொன்ன சாட்சி

படம் எப்படிப்பட்ட சாட்சி என்பதுக்கு ஒரு கதை சொல்லலாம். 1945இன் கடைசி மாதங்களில் அமெரிக்காவில் கொடாக் கம்பனிக்கு முறைப்பாடு வரத் தொடங்கியது. புதுசாக வாங்கின எக்ஸ்றே பிலிமில் கறுப்புப் புள்ளிகள். கம்பனியின் பௌதிகவியலாளர் ஜூலியன் வெப் தேடிப் போனபோது, பிழை பிலிமில் இல்லை, அதைச் சுற்றிவந்த மட்டையில் இருக்கிறது என்று தெரிந்தது. அந்த மட்டை இந்தியானா மாநிலத்து ஆலை ஒன்றில், ஆற்றுத் தண்ணீரைப் பாவித்துச் செய்யப்பட்டது. அதில் கதிர்த்தொழிற்பாட்டுத் தூசி கலந்திருந்தது. தூசி வந்த இடம், ஆயிரத்து அறுநூறு கிலோமீற்றருக்கு அங்கால் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் 1945 ஜூலை 16 அன்று இரகசியமாக வெடித்த முதலாவது அணுகுண்டு.

அரசாங்கம் மறைத்த ஒரு விஷயத்தை, பெட்டிக்குள் கிடந்த பிலிம் பதிந்து வைத்திருந்தது. அந்தக் குண்டைச் செய்த திட்டத்தில் வேலை செய்தவர்களும் சட்டையில் சின்னப் பிலிம் பட்டை ஒன்றைக் குத்திக்கொண்டு திரிந்தார்கள். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு கதிர் பட்டது என்று அதைக் கழுவிப் பார்ப்பார்கள். எக்ஸ்றே அறைகளிலும் கதிர்ச்சிகிச்சைப் பிரிவுகளிலும் வேலை செய்கிறவர்கள் பிற்காலத்தில் பல வருடங்கள் அணிந்த பட்டை அதன் வழி வந்ததுதான்.

18 செக்கனும் 30 செக்கனும்

1951இல் கனடாவில் கோபால்ட்-60 இயந்திரத்தால் சிகிச்சை தொடங்கியது. எக்ஸ்றே குழாயைவிட ஆழமாகப் போகிற கதிர், இயக்கவும் எளிது. வறிய நாடுகளுக்கு அது பெரிய வரம். சென்னை அடையாறில் டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடக்கிவைத்த புற்றுநோய் நிலையத்துக்கு 1957இல் கோபால்ட் இயந்திரம் வந்தது.

கோபால்ட்டுக்கு ஒரு குணம் இருக்கிறது. அது தேய்ந்துகொண்டே போகும். 5.27 வருடத்தில் பலம் பாதியாகிவிடும். அதனால் அதே 2 கிறேயைக் கொடுக்க மாதத்துக்கு மாதம் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். பழைய கட்டியை எடுத்துப் புதுக் கட்டி போட்டால் எல்லாக் கணக்கையும் புதுசாகச் செய்ய வேண்டும்.

1996 ஓகஸ்டில் கொஸ்டாரிக்கா நாட்டின் தலைநகரான சான் ஹோசேயில் ஒரு மருத்துவமனை இப்படிப் புதுக் கட்டி போட்டது. அளவு பார்க்கும்போது நேரம் 0.3 நிமிடம் என்று இருந்தது. 0.3 நிமிடம் என்றால் 18 செக்கன். அது 30 செக்கன் என்று எடுக்கப்பட்டது. அவ்வளவுதான் பிழை. புதுக் கட்டி உண்மையில் இருப்பதைவிடப் பலம் குறைந்தது என்று கணக்கு வந்தது. அதனால் எல்லாருக்கும் நேரம் கூட்டி வைக்கப்பட்டது. 2 கிறே என்று எழுதியிருந்த இடத்தில் 3.3 கிறே போனது. ஒரு மாதமளவில், நோயாளிகளின் உடம்பில் வழமைக்கு மாறான விளைவுகள் தெரிந்த பிறகுதான் நிற்பாட்டினார்கள். 115 நோயாளிகள் பாதிக்கப்பட்டார்கள். பலருக்குக் கடும் காயம். சிலர் அதனாலேயே இறந்தார்கள்.

இதில் இயந்திரத்தில் ஒரு பிழையும் இல்லை. புதுக் கட்டி நல்ல கட்டி. வேலை செய்தவர்கள் கெட்ட நோக்கத்தில் செய்யவும் இல்லை. இல்லாமல் போனது இரண்டாவது சாட்சி. கணக்குப் போட்டவரைச் சாராமல், வேறொரு வழியால், "நீங்கள் 2 எண்டு சொல்லுறியள், இங்க 3.3 வந்திருக்கு" என்று சொல்லக்கூடிய ஏதோ ஒன்று முதல் நாளே இருந்திருந்தால் ஒரு மாதம் போயிருக்காது. சர்வதேச அணுசக்தி முகவர் நிலையமும் உலக சுகாதார நிறுவனமும் 1969 முதல் தபாலில் சின்ன அளவுப் பொருள்களை அனுப்பி, வைத்தியசாலைகள் அவற்றுக்குக் கதிர் கொடுத்துத் திருப்பி அனுப்ப, எவ்வளவு பட்டது என்று சரிபார்த்து வருவதும் இந்த இரண்டாவது சாட்சிக்காகத்தான். அதில் பிலிம் இல்லை, கதிரைச் சேமித்து வைத்து சூடாக்கினால் ஒளியாக விடுகிற தூள் இருந்தது. கொள்கை ஒன்றுதான்.

இருட்டறை மூடின பிறகு

வெள்ளி உப்புப் பிலிமில் சில கரைச்சல்கள் இருந்தன. இருட்டறை வேண்டும், கழுவுகிற மருந்து வேண்டும், மருந்தின் சூடு கொஞ்சம் மாறினாலும் கறுப்பு மாறும். வெள்ளி ஒரு பாரமான உலோகம் என்பதால், மென்கதிருக்குத் தேவைக்கு மேலாகக் கறுக்கும். மனிதத் திசு அப்படி நடந்துகொள்ளாது. பிறகு எக்ஸ்றே எல்லாம் கணினிக்கு மாற, ஆஸ்பத்திரிகளில் கழுவும் இயந்திரங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எங்கட அம்மா அப்பா காலத்தில் பெரிய கபில உறைக்குள் எக்ஸ்றே படத்தை வைத்து, பஸ்ஸில் மடங்காமல் மடியில் பிடித்துக்கொண்டு போன காட்சி இப்போது அருகிவிட்டது.

அந்த இடத்துக்குத்தான் நீலப் படம் வந்தது. 1980களில் அமெரிக்காவில் 'கஃப்குரோமிக்' என்ற பெயரில் உருவான இந்தப் பிலிமில் வெள்ளி இல்லை. இரண்டு பிளாஸ்ரிக் தாள்களுக்கு நடுவில், தலைமயிரைவிட மெல்லியதாக, ஒரு சேதன இரசாயனப் படை இருக்கும். அதில் சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஊசி ஊசியாக அடுக்கி இருக்கும். கதிர் பட்டால் அவை ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாகும். சங்கிலி நீல நிறம். கதிர் கூடக் கூட நீலம் கூடும். கழுவத் தேவையில்லை, இருட்டறை தேவையில்லை, அறை வெளிச்சத்தில் கத்தரிக்கோலால் வெட்டலாம். கதிரை உறிஞ்சுவதில் மனிதத் திசுவுக்குக் கிட்டவாக இருக்கும்.

முதலில் வந்தவை மிகப் பெரிய அளவுகளுக்குத்தான் நிறம் மாறின. நோயாளிக்குக் கொடுக்கிற அளவுக்கே நிறம் மாறக்கூடிய இ.பி.டி என்ற வகை 2004இல் சந்தைக்கு வந்தது. அதுக்குப் பிறகு வந்த வகைகளில் ஒரு மஞ்சள் சாயம் சேர்த்ததால், கதிர் பட்ட படம் பச்சையாகத் தெரியும். நீலத்தை அளப்பதுக்குப் பெரிய கருவியும் வேண்டாம். கந்தோர் மேசையில் இருக்கிற மாதிரியான, ஆனால் தரமான, ஒரு தட்டை ஸ்கானர் போதும். நீலப் படம் சிவப்பு ஒளியைத்தான் கூட உறிஞ்சும் என்பதால், ஸ்கான் செய்த படத்தின் சிவப்பு அலைவரிசையைப் பார்ப்பார்கள்.

1904இல் சபுரோவின் வில்லை பச்சையில் இருந்து கபிலத்துக்குப் போனது. ஒரு நூற்றாண்டு கழித்து திரும்பவும் நிறம் மாறுகிற ஒரு துண்டுப் பொருளிடமே வந்து நிற்கிறார்கள்.

காந்தத்துக்குள்ளே

சாதாரண கதிர்ச்சிகிச்சையில் ஒரு பழைய பிரச்சினை உண்டு. கட்டி ஓரிடத்தில் நிற்காது. மூச்சு விட்டால் அசையும், சலப்பை நிரம்பினால் தள்ளும், குடலில் காற்று போனால் இடம் மாறும். எக்ஸ்றேயில் எலும்பு தெரியும், மெல்லிய திசு வடிவாகத் தெரியாது. அதனால் கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் கூடுதலான இடத்துக்கும் சேர்த்துக் கதிர் கொடுக்க வேண்டி வரும். எம்.ஆர்.ஐயில் மெல்லிய திசு நன்றாகத் தெரியும். எம்.ஆர்.ஐக்குள் வைத்தே கதிர் பாய்ச்சினால் என்ன?

கேட்க எளிது. ஆனால் கதிரை உண்டாக்குகிற ஆர்முடுக்கியை காந்தம் குழப்பும், காந்தத்தின் படத்தை ஆர்முடுக்கி குழப்பும். நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் யான் லாகன்டைக் தலைமையிலான குழு பல வருடங்கள் இதோடு மினக்கெட்டது. 2009இல் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் என்று மாதிரி இயந்திரம் ஒன்றில் காட்டினார்கள். அமெரிக்காவில் வேறொரு குழு, ஆர்முடுக்கிக்குப் பதிலாக மூன்று கோபால்ட் கட்டிகளையும் பலம் குறைந்த 0.35 டெஸ்லா காந்தத்தையும் சேர்த்தது. அதில் 2014இல் சென் லூயிஸ் நகரில் முதல் நோயாளிகளுக்குச் சிகிச்சை நடந்தது. எங்கட ஆக்களுக்குத் தெரிந்த அதே பழைய கோபால்ட்தான். உத்ரெக்ட்டின் 1.5 டெஸ்லா இயந்திரத்தில் முதல் நோயாளி 2017இல் படுத்தார்.

இங்கேதான் படத்துக்கு மீண்டும் வேலை வருகிறது. கதிர் நேரடியாகத் திசுவைத் தாக்குவது குறைவு. அது உடம்புக்குள் இலத்திரன்களைத் தட்டிவிடும், அந்த இலத்திரன்கள் ஓடித்தான் சேதம் செய்யும். காந்தப்புலத்துக்குள் ஓடுகிற இலத்திரன் நேராக ஓடாது, வளையும். 1.5 டெஸ்லாவில் அந்த வளைவின் ஆரை சில மில்லிமீற்றர்தான். திசுவுக்குள் இருக்கும்போது அது வேறு அணுக்களில் முட்டி நின்றுவிடும், பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் திசு முடிந்து காற்று தொடங்குகிற இடத்தில், நுரையீரலில், தொண்டையில், குடலின் காற்றுக் குமிழில், கதிர் வெளியேறுகிற பக்கத்துத் தோலில், காற்றுக்குள் பாய்ந்த இலத்திரன் அரைவட்டம் அடித்துத் திரும்பி வந்து அதே திசுவில் விழும். வெளியே போனது வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி. அந்த விளிம்பில் அளவு கூடும். உத்ரெக்ட் குழு 2005இலேயே இதைப் பற்றி எழுதியது. எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்து கதிர் கொடுத்தால் இதைப் பெருமளவு சமப்படுத்தலாம் என்பதும் தெரிந்தது. ஆனால் கணினி அப்படிச் சொல்வது ஒன்று, உண்மையில் அப்படி நடந்ததா என்பது வேறு.

அயனாக்கல் அறையை வைத்துப் பார்க்கலாம். ஆனால் அதுவே உள்ளே காற்று உள்ள ஒரு கூடு. அதன் காற்றுக்குள்ளும் இலத்திரன் வளையும். காந்தத்துக்கு எந்தப் பக்கம் பார்த்து வைக்கிறோம் என்பதைப் பொறுத்தும், பக்கத்தில் மெல்லிய காற்று இடைவெளி இருக்கிறதா என்பதைப் பொறுத்தும் அதன் வாசிப்பு மாறும். திருத்தக் காரணிகள் போட்டுத்தான் பாவிக்க வேண்டும். நீலப் படத்தில் உலோகம் இல்லை, காற்றறை இல்லை, மின்கம்பி இல்லை. ஒரு பிளாஸ்ரிக் உருவத்தின் அடுக்குகளுக்கு நடுவில் வைத்து, காற்றுக் குழி ஒன்றையும் விட்டு, கதிர் கொடுத்துப் பார்த்தால் அந்தத் திரும்பி வந்த இலத்திரன்கள் விளிம்பில் விட்ட கடும் நீலக் கோட்டைப் படத்திலேயே காணலாம். எம்.ஆர்.ஐ 'இதுதான் நடு' என்று காட்டுகிற இடமும் கதிரின் நடுவும் ஒன்றுதானா என்று பார்க்கவும் படம் உதவும். பல பக்கங்களில் இருந்து மெல்லிய கதிர்களை ஒரு நட்சத்திரம் போலப் பாய்ச்சினால், அவை சந்திக்கிற புள்ளி படத்தில் விழும்.

இந்த இயந்திரத்தில் இன்னொரு புது நிலைமையும் உண்டு. முந்தி, சிகிச்சைத் திட்டத்தை நாட்கள் முன்னதாகவே செய்து, நோயாளிக்குப் பதிலாக ஒரு உருவத்தில் கொடுத்து அளந்து பார்த்து, சரி என்றால்தான் நோயாளிக்குக் கொடுப்பார்கள். இங்கே அன்றன்றைக்கு எடுத்த எம்.ஆர்.ஐ படத்தைப் பார்த்து, நோயாளி படுத்திருக்கும்போதே திட்டத்தை மாற்றுகிறார்கள். ஆளை எழுப்பிவிட்டு அளந்து பார்க்க ஏலாது. அந்த நேரத்தில் வேறொரு கணினிக் கணக்கால்தான் சரிபார்க்கலாம். அதனால், முழு நடைமுறையையும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு உருவத்தில் ஓடவிட்டு, உள்ளே பிலிம் வைத்துப் பார்க்கிற சோதனைக்கு முந்தியைவிட மதிப்புக் கூடியிருக்கிறது. இயந்திரம் எவ்வளவு கெட்டித்தனமானதோ அவ்வளவுக்கு அதைச் சாராத சாட்சி தேவைப்படுகிறது.

சாட்சியையும் விசாரிக்கவேணும்

வரலாறு படிக்கிறவர்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித் தருகிற ஒன்று: ஒரு மூலத்தை அப்படியே நம்பாதே. ஆர் எழுதினது, எப்ப எழுதினது, எதில எழுதினது, இடையில ஆர் கை வைச்சது என்று கேள். நீலப் படத்தை வாசிக்கிற மருத்துவப் பௌதிகவியலாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

படத்தின் நிறம் கதிர் பட்டவுடன் நிற்காது, மணித்தியாலக் கணக்கில் மெதுவாகக் கடுத்துக்கொண்டே போகும். ஆகவே எல்லாத் துண்டுகளையும் ஒரே அளவு நேரம் கழித்துத்தான் ஸ்கான் செய்ய வேண்டும். பலர் ஒருநாள் விட்டு வாசிப்பார்கள். ஊசி மூலக்கூறுகள் ஒரு திசையில் அடுக்கியிருப்பதால், ஸ்கானரில் படத்தைக் குறுக்காக வைத்தால் ஒரு எண், நெடுக்காக வைத்தால் வேறு எண் வரும். ஸ்கானரின் நடுவில் ஒரு வாசிப்பு, கரையில் இன்னொரு வாசிப்பு. ஒரு பெட்டிப் பிலிமுக்கும் அடுத்த பெட்டிக்கும் வித்தியாசம் இருக்கும். அதனால் ஒவ்வொரு பெட்டியில் இருந்தும் சில துண்டுகளை எடுத்து, அளவு தெரிந்த கதிர் கொடுத்து, 'இவ்வளவு கதிருக்கு இவ்வளவு நீலம்' என்று ஒரு அட்டவணை முதலில் செய்ய வேண்டும்.

எம்.ஆர்.ஐக்குள் போனால் இன்னொரு கேள்வி: காந்தமே படத்தின் நிறத்தை மாற்றுமா? அதையும் பல குழுக்கள் சோதித்தன. முடிவுகள் எல்லாம் ஒன்றுபோல வரவில்லை, ஆனால் மாற்றம் இருந்தாலும் சில வீதத்துக்குள்தான் என்பதே பெரும்பாலும் வந்த பதில். பிலிமுக்குப் பக்கத்தில் மெல்லிய காற்று இடைவெளி இருந்துவிட்டால், அந்த இடைவெளிக்குள் வளைகிற இலத்திரன்களால் படம் பிழையாகச் சொல்லவும் கூடும். படம் பொய் சொல்லாது எண்டு நினைக்கக்கூடாது. கேட்கிற மாதிரிக் கேட்டால்தான் அது உண்மை சொல்லும். கேட்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

தெல்லிப்பழைக்கு இதில் என்ன வேலை

எம்.ஆர்.ஐக்குள் கதிர் கொடுக்கிற இயந்திரம் யாழ்ப்பாணத்தில் இல்லை. பிறகு ஏன் இவ்வளவு எழுதினேன்?

கனகாலம் எங்கட ஆக்களுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை என்றால் மகரகமதான். ஏறக்குறைய 400 கிலோமீற்றர். 1990க்குப் பிறகு தரைப்பாதை இல்லாத வருடங்கள், 2002இல் ஏ-9 திறந்தது, 2006இல் திரும்ப மூடினது. இடையில் கப்பலுக்கும் விமானத்துக்கும் அனுமதி எடுத்துக்கொண்டு அலைந்தவர்களை எங்கட வீடுகளில் கேட்டால் சொல்லுவினம். முப்பது நாள் தொடர்ந்து எடுக்க வேண்டிய சிகிச்சைக்கு, பாதை எப்ப மூடும் என்று தெரியாத ஊரில் இருந்து போவது என்பது வேறு கணக்கு. அந்தப் பின்னணியில்தான் 2011 ஜூலையில் நாதன் சிவகணநாதனும் சரிந்த உணம்புவவும் தெற்கே தேவேந்திரமுனையில் இருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்தார்கள். வழி நெடுக ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து நடந்தார்கள். அந்தப் பணத்தில் தெல்லிப்பழையில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டது. யுத்தம் முடிந்து இரண்டே வருடத்தில் தெற்கும் வடக்கும் சேர்ந்து செய்த அந்த வேலையைச் சும்மா சொல்ல ஏலாது.

என் கவலை அடுத்த கட்டம் பற்றியது. நாங்கள் இயந்திரத்துக்குக் காசு சேர்ப்போம். கட்டடத்துக்குச் சேர்ப்போம். வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர் சங்கங்களும் அதுக்குத்தான் கூடத் தருவினம். ஏனெண்டால் அதில் பெயர்ப்பலகை வைக்கலாம், நாடா வெட்டலாம், படம் பிடிக்கலாம். ஒரு பெட்டிப் பிலிமுக்கு, ஒரு ஸ்கானருக்கு, பிளாஸ்ரிக் உருவத்துக்கு, அதையெல்லாம் வாசிக்கத் தெரிந்த பௌதிகவியலாளரின் சம்பளத்துக்கு ஒருவரும் நடக்கமாட்டினம். ஆனால் சான் ஹோசேயில் 115 பேரைக் காயப்படுத்தினது இயந்திரம் இல்லாத குறை இல்லை. இயந்திரம் இருந்தது. அதை இன்னொரு தடவை சரிபார்க்கிற வேலைதான் நடக்கவில்லை.

ஆகவே, கதிர்ச்சிகிச்சைக்கு ஒரு புது இயந்திரம் வருகுது என்று எங்கேயாவது காசு கேட்டால், கொடுக்கிறவர்கள் கொடுத்துவிட்டு இரண்டு கேள்வி கேட்கலாம். இது கொடுக்கிற அளவை இதைச் சாராமல் ஆர், எதால், எத்தனை நாளுக்கு ஒருக்கா அளந்து பார்க்கப் போறியள்? அதுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறியள்? எங்கட பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கிற நண்பர்களுக்கும் ஒன்று சொல்லலாம். கொழும்பில் கணினிக் கம்பனி ஒன்றில் வேலை தேடுவதோடு சேர்த்து, மருத்துவப் பௌதிகவியல் என்றொரு துறை இருக்கிறது என்பதையும் ஒருக்கா விசாரித்துப் பாருங்கோ.

பெரியம்மாவின் சிகிச்சை முடிந்து இப்போது கிளினிக்குக்கு மட்டும்தான் போய் வாறா. 'ஆருக்குத் தெரியும்' என்று அவர் கேட்டதை அடுத்த முறை ஆராவது என்னிடம் கேட்டால், அளந்து பார்க்கிற ஆக்கள் இருக்கினம், அவர்களிடம் ஒரு துண்டுப் படமும் இருக்கு, அவர்கள் எங்கட ஊரிலும் போதியளவு இருக்கவேணும் எண்டு நாங்கள்தான் கேட்கவேணும் என்று சொல்லுவன்.